உங்களுக்குத் தெரியுமா? சத்தம் போடாத கம்ப்யூட்டர், மாணவர் பட்ஜெட்டில்

ஒரே அறைதான். அக்கா நீட் தேர்வுக்குப் படிக்கிறாள். தம்பி கேம் ஆடுகிறான். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா தூங்குகிறார். மூன்று பேருக்கும் நடுவே மேஜைக்கடியில் 'விர்ர்' என்று ஒரு சிபியு. நம் வீடுகளில் பெரும்பாலும் கம்ப்யூட்டருக்கென்று தனி அறை கிடையாது. அதனால் அதன் இரைச்சல் படிப்பையும் கெடுக்கிறது, தூக்கத்தையும் கெடுக்கிறது. "சைலன்ட்டா வேணும்னா செலவு கூட ஆகும் தம்பி" என்று கடையில் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். சத்தம் பிறப்பது சூட்டில். சூடு பிறப்பது கரண்டில். கரண்டைக் குறைவாக இழுக்கும் பாகங்களாகப் பார்த்து வாங்கினால் சின்ன எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை) போதும், சின்ன கூலர் போதும், சத்தமும் தானாகவே அடங்கும். அதற்கு உதவும் தகவல்கள் இங்கே.

● கம்ப்யூட்டர் இழுக்கும் கரண்ட் கிட்டத்தட்ட முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. 300 வாட் இழுக்கும் கேமிங் மெஷினும், 300 வாட் ஹீட்டரும் அறையைச் சூடாக்குவதில் ஒன்றுதான். சித்திரை வெயிலில் அந்த ஹீட்டரை நாமே காசு கொடுத்து வாங்கி வைக்க வேண்டுமா என்று யோசியுங்கள். கரண்ட் பில்லிலும் இது தெரியும். 300 வாட் மெஷினில் தினம் நான்கு மணி நேரம் ஆடினால் நாளுக்கு 1.2 யூனிட், இரண்டு மாத பில்லில் 72 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் முக்கால்வாசியை ஒரு கம்ப்யூட்டரே சாப்பிட்டுவிடும். அதே கேமை 150 வாட் மெஷினில் ஆடினால் 36 யூனிட்டோடு முடிந்தது.

● டெசிபல் கணக்கில் 30-ம் 30-ம் சேர்ந்தால் 60 ஆகாது, 33தான். ஒரே மாதிரி இரண்டு ஃபேன் ஓடினால் ஒரு ஃபேனைவிட 3 டெசிபல் மட்டுமே கூடும். நம் காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற சுமார் 10 டெசிபல் ஏற வேண்டும்.

● உலக சுகாதார நிறுவனம் 1999-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி படுக்கையறைக்குள் இடைவிடாமல் கேட்கும் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது. வகுப்பறைக்கு 35. இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் அனுமதிப்பது 45 டெசிபல். அது தெருவுக்கான அளவு. படிக்கும் அறையில் வைக்கும் கம்ப்யூட்டருக்கு முதல் இரண்டு எண்களையே குறியாக வைத்துக்கொள்ளலாம்.

● ஒரு ஃபேனின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அது தள்ளும் காற்று பாதியாகும். சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கிவிடும்! சத்தமில்லாத கம்ப்யூட்டர் கட்டுகிறவர்கள் எல்லோரும் நம்பியிருப்பது இந்த ஒரு விதியைத்தான். ஒரு ஃபேனை முழு வேகத்தில் அலறவிடுவதற்குப் பதில் இரண்டு ஃபேனைப் பாதி வேகத்தில் ஓட்டினால், கணக்குப்படி காற்று அதே அளவு. சத்தம் 12 டெசிபல் குறைவு. சாதாரண 120 மி.மீ. ஃபேன் ஒன்று கூடுதலாக வாங்க ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான். காசுக்கு இதைவிட நல்ல பலன் தரும் பாகம் கேபினெட்டுக்குள் வேறு இல்லை என்பேன்.

● 80 மி.மீ. ஃபேனைவிட 120 மி.மீ. ஃபேனின் பரப்பு 2.25 மடங்கு. அதனால் மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளிவிடும்.

● ஆஸ்திரியாவைச் சேர்ந்த நாக்டுவா கம்பெனியின் ஃபேன்கள் பழுப்பும் சந்தனமும் கலந்த நிறத்துக்குப் பேர் போனவை. 2018-ல் அவர்கள் கொண்டுவந்த 120 மி.மீ. ஃபேன் ஒன்றில் பிளேடு நுனிக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி அரை மில்லிமீட்டர்தான். சாதாரண பிளாஸ்டிக்கில் செய்தால், சூட்டிலும் சுழற்சியிலும் பிளேடு நாளடைவில் நீண்டு சட்டத்தில் உரசிவிடும். அதற்காகவே நீளாத தனி பிளாஸ்டிக் ஒன்றை உருவாக்கினார்கள். மாணவர் பட்ஜெட்டுக்கு இந்த ஃபேன் கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. அரை மில்லிமீட்டருக்காக இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதே ஒரு சந்தோஷம்.

● 1980-ல் வந்த ஆப்பிள் III கம்ப்யூட்டரில் ஃபேனே கிடையாது. இரைச்சல் கூடாது என்பதில் ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதமாக இருந்தார். சூட்டில் சிப்புகள் சாக்கெட்டிலிருந்து மெல்ல மேலெழும்பி இணைப்பு விட்டுப்போனது. மெஷினின் முன்பக்கத்தைச் சில அங்குலம் தூக்கி மேஜைமேல் பொத்தென்று போட்டால் சிப்புகள் மறுபடி உட்கார்ந்துகொள்ளும் என்று வாடிக்கையாளர்களுக்கு யோசனை சொல்லப்பட்டது. சூட்டுக்கு வழிவிடாமல் சத்தத்தை மட்டும் அடக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது.

● இதற்கு நேரெதிர் கதை 2003-ல் நடந்தது. என்விடியா வெளியிட்ட ஜீஃபோர்ஸ் எஃப்.எக்ஸ். 5800 அல்ட்ரா கிராஃபிக்ஸ் கார்டு போட்ட சத்தத்துக்கு உலகம் முழுக்க அதற்கு வேக்யூம் கிளீனர் பட்டம் கிடைத்தது. கடைசியில் என்விடியா ஊழியர்களே தங்கள் கார்டைக் கிண்டல் செய்து வீடியோ எடுத்தார்கள். அடுத்த ஆண்டு, 2004-ல், பென்டியம் 4 பிராசஸரை 4 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோகும் திட்டத்தை இன்டெல் கைவிட்டது. வேகத்தை ஏற்ற ஏற்ற கரண்டும் சூடும் கட்டுக்கடங்காமல் போனதே காரணம். அதற்குப் பிறகுதான் ஒரு கோரை வேகமாக ஓட்டுவதை விட்டுவிட்டு, பல கோர்களை நிதானமாக ஓட்டும் வழிக்குத் தொழில் முழுவதும் திரும்பியது. இன்று நடுத்தர விலையில் ஆறு கோர் பிராசஸர் கிடைக்கிறதென்றால் அந்தத் திருப்பம்தான் காரணம்.

● ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600ஜி பிராசஸர் 2021-ல் வந்தது. ஆறு கோர், 65 வாட், உள்ளேயே கிராஃபிக்ஸ். தனி கார்டே இல்லாமல், செட்டிங்கைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் வாலரன்ட், ஜிடிஏ 5 இரண்டும் நன்றாக ஓடும். கோடிங், வேர்டு, ஆன்லைன் வகுப்பு எல்லாம் இதற்குத் தூசு. காசு குறைவாக இருக்கும் மாணவருக்கு என் முதல் சிபாரிசு இந்த வகைதான். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் கார்டின் விலையும் இல்லை, ஃபேன் சத்தமும் இல்லை. பிறகு கையில் காசு வரும்போது அதே போர்டில் கார்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.

● "ஐ7 கேமிங் பிசி" என்று விளம்பரம் செய்து சல்லிசாக விற்கும் பல செட்டுகளில் உள்ளே இருப்பது பத்து வருஷப் பழைய ஐ7-ம், 2014-ல் வந்த ஜிடி 730 கார்டும். 5600ஜி-யின் உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸே அந்தக் கார்டைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஐ7 என்ற பெயரை மட்டும் பார்க்காதீர்கள். அதற்குப் பின்னால் வரும் நான்கைந்து இலக்க எண்ணைப் படியுங்கள். ஐ7-3770 என்றால் மூன்றாம் தலைமுறை, ஐ3-12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. அந்த ஐ3 இந்த ஐ7-ஐ எளிதாக முந்தும்.

● இன்டெல் பிராசஸர் எண்ணின் கடைசியில் 'எஃப்' என்று இருந்தால் அதில் கிராஃபிக்ஸ் கிடையாது. விலை கொஞ்சம் குறையும். ஆனால் தனி கார்டு போடாமல் திரையில் ஒரு புள்ளிகூட வராது.

● கிராஃபிக்ஸ் கார்டு சொருகும் ஸ்லாட் தானாகவே 75 வாட் வரை கரண்ட் தரும். 2024-ல் வந்த 6 ஜிபி ஆர்.டி.எக்ஸ். 3050 இழுப்பது 70 வாட். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி ஒயரே வேண்டாம். பேலிட் கம்பெனி இதே கார்டை ஃபேனே இல்லாமல், வெறும் அலுமினியத் தகடுகளோடு 'கால்ம்எக்ஸ்' என்ற பெயரில் விற்கிறது. ஒன்றரை மடங்கு சக்தி வேண்டும் என்கிறவர்கள் 132 வாட் இழுக்கும் ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 பக்கம் போகலாம். இரண்டு ஃபேன் உள்ள மாடலாகப் பாருங்கள். பல மாடல்களில் படிக்கும்போதும் படம் பார்க்கும்போதும் ஃபேன் அடியோடு நின்றுவிடும். கேம் ஆடும்போது மட்டும் சுற்றும்.

● 16 ஜிபி ரேம் ஒரே குச்சியாக வாங்குவதும், 8 ஜிபியாக இரண்டு வாங்குவதும் ஒன்றல்ல. இரண்டாகப் போட்டால் பிராசஸரும் ரேமும் பேசிக்கொள்ளும் பாதை இரட்டிப்பாகிறது. உள்ளே கிராஃபிக்ஸ் உள்ள பிராசஸருக்கு இது மிகவும் முக்கியம், ஏனென்றால் அதற்குத் தனி வீடியோ மெமரி கிடையாது; ரேமைத்தான் பயன்படுத்துகிறது. ஒற்றைக் குச்சியில் இழுத்து இழுத்து ஓடும் கேம், இரண்டு குச்சியில் வழுக்கிக்கொண்டு ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால், பெரும்பாலான போர்டுகளில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான இடம்.

● 3200 என்று போட்ட ரேமை வாங்கிச் சொருகினாலும், பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங் திரையில்) எக்ஸ்.எம்.பி. என்ற செட்டிங்கை ஆன் செய்யும்வரை அது பெரும்பாலும் 2400 அல்லது 2666-ல்தான் ஓடும். எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் இது தெரியாமலே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

● 2025 கடைசியில் ரேம் விலை திடீரென்று ஏறியது. ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப் அள்ளிக்கொண்டு போனதே காரணம். அந்த டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, வீட்டு உபயோகத்துக்கான தன் 'க்ரூஷியல்' பிராண்டையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. பழைய மெஷினில் டிடிஆர்4 ரேம் இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். டிடிஆர்4 போர்டாகப் பார்த்து வாங்கி, அந்த ரேமையே மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

● ஐ.டி. கம்பெனிகளும் வங்கிகளும் சில வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கழித்துவிடும் டெல் ஆப்டிப்ளெக்ஸ், ஹெச்.பி. எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் மெஷின்கள் செகண்ட்ஸில் கிடைக்கின்றன. நூறு பேர் உட்காரும் ஆபீஸுக்கென்று செய்தவை என்பதால் சத்தம் மிகக் குறைவு. வாங்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தலைமுறை. விண்டோஸ் 10-க்கான இலவச பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு பொதுவாக முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஐ5-8500 இருந்தால் ஆறு கோர், தாராளம். இன்னொன்று, கேபினெட்டின் அகலம். ஒல்லியான மாடல்களில் பாதி உயரக் கார்டு மட்டுமே நுழையும், எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அந்தக் கம்பெனிக்கே உரியது, கடையில் வாங்கி மாற்ற முடியாது. பிறகு கார்டு போடும் எண்ணம் இருந்தால் டவர் மாடலாகத் தேடுங்கள்.

● எதீரியம் கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பர் 15-ல் தன் முறையை மாற்றிக்கொண்டது. அதோடு கிராஃபிக்ஸ் கார்டு வைத்து அதைத் தோண்டும் வேலைக்கே முற்றுப்புள்ளி. இரவு பகலாக ஓடிய லட்சக்கணக்கான கார்டுகள் செகண்ட்ஸ் மார்க்கெட்டுக்கு வந்தன. அப்படிப்பட்ட கார்டில் சிப்பைவிட முதலில் தேய்வது ஃபேன். வாங்குமுன் அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லி, காதை வைத்துக் கேளுங்கள். கரகரப்போ டிக்டிக் சத்தமோ வந்தால் பேரிங் போய்விட்டது.

● எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இந்தக் கட்டுரையில் நான் கெஞ்சிக் கேட்கும் ஒரே விஷயம் இது. கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் '500 வாட்' என்று ஒட்டியிருக்கும். உள்ளே அதைத் தாங்கும் சரக்கு இருக்கும் என்று நம்ப முடியாது. அது போகும்போது போர்டையும் கார்டையும் கூடவே கூட்டிக்கொண்டு போகலாம். '80 பிளஸ்' முத்திரை 2004-ல் தொடங்கியது. அந்த முத்திரை வாங்க, 20, 50, 100 சதவீத லோடு மூன்றிலும் இழுக்கும் கரண்டில் குறைந்தது 80 சதவீதத்தை உருப்படியாகத் தர வேண்டும். மிச்சம்தான் சூடாக வீணாகும். எஸ்.எம்.பி.எஸ். பொதுவாகப் பாதி லோடில்தான் மிகத் திறமையாக வேலை செய்யும். 250 வாட் இழுக்கும் மெஷினுக்கு நல்ல பிராண்டில், 80 பிளஸ் முத்திரையின் பிரான்ஸ் தரத்தில் 450 அல்லது 500 வாட் போட்டால், அதன் ஃபேன் சுற்றுவதே காதில் விழாது. 850 வாட் கோல்டு வாங்கச் சொல்பவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்.

● பிராசஸர் கூலரில் மேலே போகும் செம்புக் குழாய்கள் கெட்டியான கம்பிகள் இல்லை. உள்ளே காலியாக, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சில துளி தண்ணீர் மட்டும் வைத்து மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் கொஞ்சம் சூட்டிலேயே ஆவியாகிவிடும். ஆவி மேலே போய்த் தகடுகளில் குளிர்ந்து, குழாயின் உட்சுவர் வழியே ஊறிக் கீழே திரும்பும். மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதற்குக் காரணமான அதே ஆவியாதல்தான் இங்கேயும் வேலை செய்கிறது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் 1963-ல் இதை உருவாக்கினார். விண்வெளிக் கலங்களுக்காக யோசித்த சங்கதி இன்று சில ஆயிரம் ரூபாய் கூலரில் நான்கு குழாயாக நிற்கிறது.

● தண்ணீர் கூலிங் என்றால் சத்தம் இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அதிலும் ரேடியேட்டரில் ஃபேன் உண்டு. போதாக்குறைக்கு பம்ப் வேறு 'ம்ம்ம்' என்று முனகும். 65 வாட் பிராசஸருக்கு 120 மி.மீ. ஃபேன் வைத்த ஒரு டவர் ஏர் கூலரே தேவைக்கு மேல்.

● புது கூலரின் அடிப்பகுதியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமல் மாட்டிவிட்டு, சூடு ஏன் 95 டிகிரிக்குப் போகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய. உரித்த பிறகு தெர்மல் பேஸ்ட். பட்டாணி அளவு நடுவில் வைத்தால் போதும், கூலரை அழுத்தும்போது அதுவே பரவிக்கொள்ளும். உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் நிற்கும் காற்றை விரட்டுவதே பேஸ்டின் வேலை. காற்று சூட்டைக் கடத்துவதில் மகா மோசம்.

● 5600ஜி போன்ற ஏ.எம்.4 பிராசஸர்களில் பின்கள் பிராசஸரின் அடியிலேயே இருக்கும். பழைய கூலரைக் கழற்றும்போது நேராக மேலே இழுத்தால், காய்ந்த பேஸ்டில் ஒட்டிக்கொண்டு பிராசஸரும் சாக்கெட்டை விட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்; பின் வளையும். கழற்றுமுன் மெஷினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு அணையுங்கள். பேஸ்ட் இளகியிருக்கும். ஸ்க்ரூவைக் கழற்றி, கூலரை இரண்டு பக்கமும் மெல்லத் திருகி, பிடி விட்டது கைக்குத் தெரிந்த பிறகு தூக்குங்கள்.

● முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினெட் பார்க்க அழகு. காற்று எங்கே நுழையும்? ஓரத்தில் விரலளவு இடைவெளியில் மூச்சுத் திணறி உள்ளே போகும் காற்றுக்காக ஃபேன் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். வலை முகப்பு உள்ளதை வாங்குங்கள். முன்னால் இரண்டு ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ளினால், உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருக்கும். தூசி கண்ட கண்ட இடுக்கு வழியாக நுழையாமல் ஃபில்டர் வழியாக மட்டும் வரும். கலர் கலராக எரியும் ஆர்.ஜி.பி. லைட்டுக்குக் கொடுக்கும் காசு ஒரு டிகிரியைக்கூடக் குறைக்காது.

● நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்க் நொடிக்கு 120 முறை அதிர்கிறது. அந்த அதிர்வு கேபினெட் தகட்டில் ஏறி ரீங்காரமாகக் கேட்கும். 1956-ல் ஐ.பி.எம். செய்த உலகின் முதல் ஹார்டு டிஸ்கில் 24 அங்குலத் தட்டுகள் ஐம்பது இருந்தன. மொத்தக் கொள்ளளவு சுமார் 5 எம்பி, இன்றைய செல்போன் போட்டோ ஒன்று அல்லது இரண்டு. இப்போது விரல் நீள எஸ்.எஸ்.டி. சத்தமே இல்லாமல் அதைப்போல லட்சம் மடங்கு வைத்துக்கொள்கிறது. பழைய ஹார்டு டிஸ்கில் படம், பாடம் எல்லாம் இருந்தால் அதை வெளியே யு.எஸ்.பி. பெட்டியில் போட்டு, தேவைப்படும்போது மட்டும் சொருகிக்கொள்ளுங்கள்.

● கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று லேசாக ஷாக் அடிக்கிறதா? பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இரைச்சல் வடிகட்ட வைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள் துளிக் கரண்டை எப்போதும் பாடி வழியாக எர்த்துக்கு அனுப்பும். எர்த் இல்லாவிட்டால் பாடியிலேயே சுமார் 115 வோல்ட், அதாவது 230-ல் பாதி, நிற்கும். அந்தத் துளிக் கரண்ட் ஒரு மில்லியாம்பியரைவிடக் குறைவு என்பதால் சுள்ளென்பதோடு போய்விடுகிறது. ஆனால் உள்ளே வேறு ஏதாவது பழுதானால் அப்போது காப்பாற்ற எர்த் இருக்காது. மூன்றாவது பின்னை ஒடித்துவிட்டு இரண்டு பின் அடாப்டரில் சொருகும் வழக்கம் பல விடுதிகளில் உண்டு. கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

● காற்றில் ஈரம் அதிகமுள்ள கடலோர ஊர்களில் நிலை மின்சாரம் எளிதில் சேராது. சென்னையிலும் தூத்துக்குடியிலும் அசெம்பிள் செய்பவர்களுக்கு அது ஒரு வரம். ஏசி ஓடும் வறண்ட அறையில் அந்தப் பாதுகாப்பு குறையும். போர்டைத் தொடுமுன் பிளக்கில் மாட்டிய, சுவிட்ச் ஆஃப் செய்த எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உலோகப் பாடியை ஒருமுறை தொட்டுவிடுங்கள்.

● பவர் பட்டனிலிருந்து வரும் இரண்டு ஒயர் கனெக்டரை போர்டில் எப்படித் திருப்பி மாட்டினாலும் வேலை செய்யும். அது வெறும் சுவிட்ச். எல்.இ.டி. ஒயர்களுக்குத்தான் பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினாலும் ஒன்றும் கெடாது, விளக்கு எரியாது அவ்வளவுதான்.

● மானிட்டர் ஒயரைக் கிராஃபிக்ஸ் கார்டில் சொருகாமல் மதர்போர்டில் சொருகிவிட்டு, "கார்டு போட்டும் கேம் ஓடலையே" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் வாரத்துக்கு வாரம் உண்டு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினால் விண்டோஸ் செட்டிங்கில் போய் 144-ஐத் தேர்ந்தெடுக்கவும் மறக்கக் கூடாது. பல சமயம் 60-லேயே நிற்கும்.

● சிப்புக்குள் செலவாகும் கரண்ட், வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். வோல்டேஜை 10 சதவீதம் குறைத்தால் கரண்ட் செலவு 19 சதவீதம் இறங்குகிறது. வேகம் அப்படியே இருக்கும்! கார்டு கம்பெனிகள் எல்லாச் சிப்பும் தவறாமல் ஓட வேண்டும் என்று கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ் வைத்தே அனுப்புகின்றன. எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச சாஃப்ட்வேர் எந்த பிராண்டு கார்டிலும் வேலை செய்யும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் கேம் ஆடிப் பாருங்கள். தடுமாறினால் ஒரு படி மேலே ஏற்றிவிடுங்கள். இவ்வளவு கஷ்டம் வேண்டாம் என்றால் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இழுத்துவிடுங்கள். ஆட்டத்தில் சிறு இழப்புதான், காதுக்குப் பெரிய நிம்மதி. ரைசன் போர்டுகள் பலவற்றின் பயாஸில் 65 வாட் பிராசஸரை 45-க்கு இறக்கும் 'எக்கோ மோட்' இருக்கிறது.

● 2010-ல் ஸ்டார்கிராஃப்ட் II வெளியானபோது, கேம் ஆடாமல் மெனுவில் சும்மா நிற்கும்போதே பலருடைய கார்டு கொதித்தது. மெனுவில் வேலை எதுவும் இல்லாததால் கார்டு தன்னால் முடிந்த வேகத்தில் நொடிக்கு நூற்றுக்கணக்கான ஃபிரேம்களை வரைந்து தள்ளிக்கொண்டிருந்தது. ஃபிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் இரண்டு செட்டிங் வரிகளை, கேமைச் செய்த பிளிஸார்ட் கம்பெனி வெளியிட்டது. இன்றைக்கும் அதே பாடம். மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் 60-க்கு மேல் வரையும் ஃபிரேமால் பெரிய லாபம் இல்லை, சூடுதான் மிச்சம். வரம்பு வைத்தால் சில கார்டுகளில் கேட்கும் 'கீஈஈ' என்ற மெல்லிய ஒலியும் அடங்கும். அது கார்டிலுள்ள சுருள்கள் கரண்டின் ஏற்ற இறக்கத்தில் அதிர்வதால் வருவது. ஃபேனைத் துடைத்துப் பயனில்லை.

● சீரான இரைச்சலை மூளை சீக்கிரம் பழகிக்கொள்ளும். ஏறி ஏறி இறங்கும் இரைச்சலைப் பழகவே பழகாது. பிரவுசரில் ஒரு பக்கம் திறந்தால் பிராசஸர் சூடு சட்டென்று ஏறி உடனே இறங்கும். ஃபேனும் கூடவே 'விர்ர்' என்று எகிறி அடங்கும். படிக்கும்போது எரிச்சல் வருவது இதனால்தான். பயாஸில் ஃபேன் கர்வ் என்ற இடத்துக்குப் போய் 60 டிகிரி வரை ஒரே மெதுவான வேகத்தை வையுங்கள். அதற்கு மேல் படிப்படியாக ஏறட்டும். ஃபேன் வேகம் மாறுமுன் சில நொடி காத்திருக்கும் செட்டிங் இருந்தால் அதையும் போடுங்கள். கேம் ஆடும்போது 75 டிகிரி வந்தால் பயப்பட வேண்டாம். இன்றைய பிராசஸர்கள் 90, 95 டிகிரிக்கு மேல்தான் தங்களைத் தாங்களே மெதுவாக்கிக்கொள்ளும்.

● ஒரே கூலரில், ஒரே கேமில், அறை 25 டிகிரியிலிருந்து 35-க்குப் போனால் பிராசஸர் சூடும் ஏறக்குறைய அதே 10 டிகிரி ஏறும். மார்கழியில் செட் செய்த ஃபேன் கர்வை மே மாதத்தில் ஒருமுறை திருத்த வேண்டியிருக்கும்.

● திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவரில் பட்டு எதிரொலிப்பதால் அவ்வளவு குறையாது. ஆனாலும் மேஜைமேல் காதோரம் நிற்கும் கேபினெட்டைக் கீழே ஒரு சின்னப் பலகைமேல் இறக்கினால் வித்தியாசம் உடனே தெரியும். கதவு வைத்த கம்ப்யூட்டர் டேபிளுக்குள் மட்டும் அடைக்காதீர்கள். அது தான் வெளியே விட்ட சூட்டையே திரும்ப உள்ளே இழுக்கும்.

● நள்ளிரவில் வீட்டை எழுப்புவது பல சமயம் ஃபேனே இல்லை, கீபோர்டு. புளூ ஸ்விட்ச் மெக்கானிக்கல் கீபோர்டு ஒவ்வொரு தட்டலுக்கும் 'டக்' என்று சொல்வதற்கென்றே செய்யப்பட்டது. ரெட் ஸ்விட்சில் அந்த டக் இல்லை. சாதாரண மெம்பிரேன் கீபோர்டு விலையும் குறைவு, அமைதியும் அதிகம்.

● விண்டோஸ் லைசென்ஸுக்கு ஒதுக்கும் பணத்தை எஸ்.எஸ்.டி.யில் போட விரும்பினால் லினக்ஸ் இலவசம். லிப்ரே ஆபீஸ், பைத்தான், தமிழ்99 விசைப்பலகை எல்லாம் அதில் உண்டு. வால்வ் கம்பெனி 2018-ல் புரோட்டான் என்ற கருவியைக் கொண்டுவந்த பிறகு ஸ்டீமில் உள்ள ஏராளமான விண்டோஸ் கேம்கள் லினக்ஸிலும் ஓடுகின்றன. வாலரன்ட் மட்டும் ஓடாது. அதன் ஏமாற்றுத் தடுப்பு சாஃப்ட்வேர் விண்டோஸை விட்டு நகர மறுக்கிறது.

● பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாரன்ட்டி. ரிச்சி தெருவோ பக்கத்துத் தெருவோ, சீரியல் நம்பர் எழுதிய ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்குங்கள். எஸ்.எஸ்.டி., ரேம், எஸ்.எம்.பி.எஸ். மூன்றிலும் மூன்று முதல் ஐந்து வருஷ வாரன்ட்டி சாதாரணம். பில் மை வெளுத்துப்போகும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அட்டைப்பெட்டியையும் வீசிவிட வேண்டாம், சீரியல் நம்பர் அதிலும் இருக்கும்.

● இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்பக்க ஃபில்டரைக் கழற்றிக் குழாயில் காட்டி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். உள்ளே புளோயர் அடிக்கும்போது ஃபேன் பிளேடை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சும்மா விட்டால் அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றி பேரிங் தேய்ந்துவிடும்; அதற்குப் பிறகு அந்த ஃபேன் எத்தனை மெதுவாகச் சுற்றினாலும் கரகரக்கும்.